முழங்கால் ஆறும் வரை: எடையும் உடம்பும்

நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள், கையில் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஓர் இளைஞர் அடி மேல் அடி வைத்து நடக்கிறார். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2023 மார்ச்சில் வெளியிட்ட காணொளி அது. அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன், 2022 டிசம்பர் 30 அதிகாலையில், உத்தராகண்டின் ரூர்க்கி அருகே அவருடைய கார் சாலைத் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. வலது முழங்காலின் தசைநார்கள் கிழிந்துபோயின. மும்பையில் அறுவை சிகிச்சை, பிறகு பெங்களூருவில் மாதக்கணக்கில் பயிற்சி. 2024 மார்ச்சில் ஐ.பி.எல். களத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக ஆடியதுதான் விபத்துக்குப் பிந்தைய அவரது முதல் டெஸ்ட். அதில் 109 ரன் அடித்தார்.

சர்வதேச வீரருக்குப் பின்னால் மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர் என்று ஒரு படையே நிற்கும். மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்த ஆசிரியைக்கும், வாலிபால் ஆடும்போது கால் பிசகிய கல்லூரி மாணவனுக்கும், மாடிப்படியில் தடுமாறிய பாட்டிக்கும் அந்தப் படை கிடையாது. ஒரு ஸ்கேன் முடிவு, ஒரு மாத்திரைச் சீட்டு, “ஆறு வாரம் காலை ஊன்றாதீங்க” என்றொரு வாக்கியம். அவ்வளவோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த ஆறு வாரமும் என்ன சாப்பிடுவது, அடிபடாத மற்ற உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

அதைச் சொல்வதற்கே இந்த அத்தியாயம். முழங்கால் ஆறும் காலத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது தொடைத் தசை. எடை அதற்கு அடுத்தது. இந்த வரிசை மனதில் இருந்தால் சாப்பாடு, பயிற்சி, ஓய்வு மூன்றும் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

“ஜவ்வு கிழிஞ்சிடுச்சு” என்றால் எந்த ஜவ்வு?

நம் ஊரில் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் அதற்கு ஜவ்வு என்றுதான் பெயர். உள்ளே இருப்பவை வேறு வேறு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள் நான்கு. அவற்றில் விளையாட்டு வீரர்களுக்கு அதிகம் கிழிவது ‘ஏ.சி.எல்.’ என்று எல்லோரும் சொல்லும் முன் சிலுவைத் தசைநார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு வட்டுகள் மெத்தைபோலக் கிடக்கின்றன. அவற்றுக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். இவை தவிர, முட்டிச் சில்லு உடையலாம். வெறும் சுளுக்காகவும் இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்வது வீண் அறிவு அல்ல. மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் சில வாரங்களுக்குக் காலை ஆழமாக மடக்கக் கூடாது. வெறும் சுளுக்கு என்றால் சில நாட்களிலேயே மடக்கச் சொல்வார்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: கிழிந்தது எது? எவ்வளவு எடையைக் காலில் இறக்கலாம்? எத்தனை டிகிரி வரை மடக்கலாம்? இனி வரும் பயிற்சிகள் எல்லாமே அந்த மூன்று பதில்களுக்கு உட்பட்டவை.

ஐந்து நாளில் கரையும் தொடை

கட்டைப் பிரித்ததும் பலரும் அதிர்ந்துபோவது வலியைக் கண்டு அல்ல, தொடையைக் கண்டுதான். ஒரு தொடை உருண்டு திரண்டிருக்க, இன்னொன்று சிறுவனின் தொடைபோலச் சூம்பியிருக்கும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அளந்தார்கள். எந்தக் காயமும் இல்லாத இளைஞர்களின் ஒரு காலை அசையாதபடி கட்டிவைத்தார்கள். ஐந்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் சுமார் 3.5 சதவீதமும், அதன் பலம் 9 சதவீதமும் குறைந்தன. பதினான்கு நாளில் பருமன் 8 சதவீதத்துக்கு மேலும், பலம் ஏறத்தாழ 23 சதவீதமும் குறைந்தன. காயமே இல்லாத காலின் கதை இது.

காயம் பட்ட காலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது, முன்தொடைத் தசைக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையை நரம்பு மண்டலமே மட்டுப்படுத்திவிடுகிறது. “தொடையை இறுக்குங்கள்” என்று பிசியோ சொன்னால், நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வார், தொடை அசையாது. சோம்பலோ பயமோ இதற்குக் காரணமில்லை, உடலின் தற்காப்பு இது. வீக்கத்தைக் குறைக்க ஐஸ் ஒத்தடம் கொடுப்பதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதும் தசையைக் காக்கும் வேலைகளே. மெல்லிய துண்டில் ஐஸைச் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். வெறும் தோலில் ஐஸை வைத்தால் தோல் புண்ணாகும்.

தராசும் இஞ்சு டேப்பும்

முன்பு தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்த 65 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்துவிட்டால், அந்த நடையில் செலவாகிவந்த சுமார் 250 கலோரி மிச்சமாகும். சாப்பாடு மாறாமல் இருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பு சேரும் கணக்கு இது. பார்க்க வருகிற உறவினர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸும் பிஸ்கெட்டும் மிக்சரும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த ஒரு கிலோ முழங்காலுக்கு ஒரு கிலோவாகத் தெரிவதில்லை. மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறையும் ஒவ்வொரு பவுண்டு எடைக்கும், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு பவுண்டு குறைகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால், எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதன் அருமை புரியும்.

ஆனால் தராசை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். தசை இரண்டு கிலோ கரைந்து கொழுப்பு இரண்டு கிலோ ஏறினால் முள் அப்படியே நிற்கும். ஒரே நாளில் உண்ட சோறும் குடித்த தண்ணீரும் முள்ளை ஆட்டிவைக்கும். இதை இந்தியா முழுவதும் ஒரு நாள் வலியோடு பார்த்தது. 2023 ஆகஸ்ட்டில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று போட்டிகளை வென்று இறுதிச் சுற்றை எட்டினார். மறுநாள் காலை, 2024 ஆகஸ்ட் 7 அன்று, 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். போட்டிகளுக்கு இடையே எடுத்த சிறிதளவு உணவாலும் நீராலும் முந்தைய மாலை அவருடைய எடை இரண்டு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது என்று விளக்கியவர், இந்திய அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பார்திவாலா. ரிஷப் பந்தின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்தவரும் அவரே.

போட்டிக்காக இரவோடு இரவாக நீரை வற்றவைத்து எடையைக் குறைப்பது மல்யுத்தத்தின் கட்டாயம். வீட்டில் கால் நீட்டிக் கிடப்பவருக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. ஆகவே தராசை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அதே கிழமை, காலையில், கழிப்பறைக்குப் போய்வந்த பின், அதே எடையுள்ள உடையில். இரண்டு காலையும் ஊன்ற அனுமதி கிடைக்கும் வரை தராசில் ஏறவே வேண்டாம். ஒற்றைக் காலில் அதில் தள்ளாடி விழுந்தால் இன்னொரு காயம்தான் மிஞ்சும்.

அதுவரை கைகொடுப்பது தையல்காரரின் இஞ்சு டேப். காலை நீட்டிப் படுத்து, முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்த இடத்தில் தொடையைச் சுற்றி, டேப் தோலை அழுத்தாமல், தொளதொளக்காமல் அளக்க வேண்டும். அதேபோல நல்ல காலிலும். முட்டியை ஒட்டி அளந்தால் வீக்கமும் சேர்ந்து பொய் அளவு காட்டும். மூன்றாவது அளவு, தொப்புளை ஒட்டி இடுப்பு. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ.யும் பெண்களுக்கு 80 செ.மீ.யும் எச்சரிக்கைக் கோடுகள்.

இடுப்பு ஏறாமல், இரண்டு தொடைகளுக்கும் உள்ள இடைவெளி வாரவாரம் சுருங்கிவந்தால் எல்லாம் சரியான பாதையில் போகிறது என்று பொருள். தராசு அரைக் கிலோ கூடக் காட்டினாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

தட்டில் என்ன மாற வேண்டும்

அடிபட்டவர் வீட்டில் இரண்டு விதக் குரல் கேட்கும். “உடம்பு தேறணும், இன்னும் ரெண்டு தோசை வெச்சுக்கோப்பா” என்பார் அம்மா. “சும்மாதானே படுத்திருக்கேன், ராத்திரி சாப்பாடு வேணாம்மா” என்பார் மகன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. திசு தைத்துக்கொள்ள உடலுக்குக் கூடுதல் புரதம் தேவை. அசைவு குறைந்ததால் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைய வேண்டும். தட்டின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கலாம், தட்டில் இருப்பவற்றின் பங்குதான் மாற வேண்டும்.

1918இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று வகுத்திருக்கிறது. காயம் ஆறும் காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை உணவியலாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு இது 78 முதல் 104 கிராம்.

நம் வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டால் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். காலையில் ஐந்து இட்லி, சட்னி. மதியம் வயிறு முட்டச் சோறு, தண்ணீராக ஓடும் சாம்பார், ரசம், கொஞ்சம் மோர். மாலையில் பஜ்ஜி, டீ. இரவில் மூன்று தோசை. வயிறு நிறைந்துவிடும், புரதம் நாற்பது கிராமைச் சுற்றியே நிற்கும்.

அதே சமையலறையில் அதே பாத்திரங்களைக் கொண்டு வேறொரு நாளைச் சமைக்கலாம்:

காலை: மூன்று இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. சுமார் 22 கிராம்.

முற்பகல்: கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல் ஒரு கிண்ணம், மோர். சுமார் 12 கிராம்.

மதியம்: ஒரு கிண்ணம் சோறு, கெட்டியான பருப்புக் கூட்டு, கீரை, 100 கிராம் மீன் போட்ட குழம்பு, ஒரு கிண்ணம் தயிர். சுமார் 37 கிராம். சைவர்களுக்கு மீனுக்குப் பதில் 30 கிராம் சோயா உருண்டை அல்லது 80 கிராம் பனீர்.

மாலை: ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சுமார் 13 கிராம்.

இரவு: பருப்பு அதிகம் சேர்த்த அடை இரண்டு, காய்கறிப் பொரியல். சுமார் 10 கிராம்.

அசைவத்தோடு 90ஐத் தாண்டுகிறது; முட்டையும் மீனும் இல்லாமலும் 75ஐத் தாண்டிவிடுகிறது. புரதப் பொடி டப்பா எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. முழுப் புரதத்தையும் மதியம் ஒரே வேளையில் பிரியாணியாகச் சாப்பிடுவதைவிட, வேளைக்கு 20 கிராம் அளவில் பிரித்து உண்பது தசைக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

குறைக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கலோரி. படுத்திருப்பவருக்குப் பொழுது போகாமல் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 200 கலோரி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி. தோசையைச் சுற்றி ஊற்றும்போது யாரும் கரண்டியால் அளப்பதில்லை. நடக்காததால் மிச்சமாகும் 250 கலோரியை இந்த இரண்டு இடங்களிலேயே சரிக்கட்டிவிடலாம். சோற்றுத் தட்டைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால் கால்சியத்தைக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் இலக்கு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, அதே அளவு முருங்கைக்கீரையில் சுமார் 300, பாலில் சுமார் 120 மில்லிகிராம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் நல்ல மூலம். கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். ஒரு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ அதைத் தந்துவிடும். வீட்டுக்குள்ளேயே வாரக்கணக்கில் கிடப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம். வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் சற்று நேரம் உட்காரலாம். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் தரும் அளவில் மாத்திரை.

ஆட்டுக்கால், பிரண்டை, முடவாட்டுக்கால்

முழங்காலில் அடி என்றதும் முதலில் வீடு தேடி வருவது ஆட்டுக்கால் சூப். அதைக் கொண்டுவருபவரின் அன்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் சூப்பில் உள்ள கொலாஜன் நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. எல்லாப் புரதத்தையும் போல அதுவும் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. தசை வளரத் தேவையான சில அமினோ அமிலங்கள் கொலாஜனில் மிகக் குறைவு. கொதிக்கும் எலும்பிலிருந்து இறங்கும் கால்சியமும் சொற்பமே. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கலாம். பசி மந்தமாக இருக்கும் நாளில் வாய்க்கு இதம். சூப்பைக் குடித்துவிட்டு முட்டையை வேண்டாம் என்று சொல்வதுதான் தவறு.

பிரண்டைத் துவையலும் அப்படியே. எலும்புக்கு நல்லது என்று தலைமுறைகளாகச் சொல்லப்படும் உணவு, தட்டில் ஓரமாக இருக்கட்டும். கொல்லிமலைப் பாதையோரக் கடைகளில் சூப்பாக விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு உண்மையில் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. ருசிக்காகக் குடிப்பதில் குற்றமில்லை. கிழிந்த தசைநாரை அது தைத்துவிடும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. இறுக்கமான கட்டுகளுக்கும் இது பொருந்தும். என்ன கிழிந்திருக்கிறது என்று தெரியாமல் வாரக்கணக்கில் கட்டி அசையாமல் வைத்தால், மூட்டு விறைத்துப்போகும். முன்பே பார்த்தபடி தொடையும் கரையும்.

வெளியே சொல்லாத காரணம்

அடிபட்டவர்கள் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. யாரும் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. முழங்காலை மடக்க முடியாது. துணைக்கு ஒருவரைக் கூப்பிட வெட்கம். அதனால் தண்ணீரைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கழிப்பறைக்குப் போகும் தடவைகளைக் குறைக்கிறார்கள். பெண்கள் இதை அதிகம் செய்கிறார்கள்.

விளைவு, மலச்சிக்கல். கடுமையான வலிக்குத் தரப்படும் டிரமடால் போன்ற மாத்திரைகள் அதை இன்னும் மோசமாக்கும். நீர் குறைந்த உடலில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இத்தனைக்கும் தீர்வு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஒரு கமோடு நாற்காலி. வாடகைக்கும் கிடைக்கிறது. காயம்பட்ட முதல் நாளே வாங்க வேண்டியவற்றில் ஊன்றுகோலுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, தரையில் வழுக்காத விரிப்பு, கட்டிலருகே எட்டும் தூரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலியாக வேண்டும். மீண்டும் நிரப்பினால் இரவுக்குள். கூடவே கீரை, வாழைத்தண்டு, அத்திப்பழம், தோலோடு பயறு.

உட்கார்ந்த இடத்தில் உழைப்பு

ஒரு முழங்கால்தான் ஓய்வு கேட்கிறது. மீதம் ஒரு முழு உடம்பு வேலைக்குத் தயாராக இருக்கிறது.

முதல் நாட்களில் படுக்கையிலேயே தொடங்கலாம். பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுவது, மணிக்கு ஒரு தடவை இருபது முறை. கீழ்க்காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும். அடுத்தது தொடை இறுக்கம். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவதுபோல முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு நாலைந்து வேளை. முன்தொடையில் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் நல்ல காலில் செய்துபார்த்து, அதே உணர்வை அடிபட்ட காலில் தேடலாம். இது கைவந்த பிறகு, பிசியோவின் அனுமதியோடு, காலை மடக்காமல் நேராக ஓர் அடி உயரம் தூக்கி இறக்குவது.

நல்ல காலுக்குத் தரும் பயிற்சி வீண்போவதில்லை. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்: ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், பயிற்சியே பெறாத மறு கையின் பலமும் கூடுகிறது. நரம்பு மண்டலம் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் இது நடக்கிறது. கட்டுப் போட்ட காலின் பலம் அதிகம் சரியாமல் இருக்க, அடுத்த காலுக்குப் பயிற்சி கொடுக்கும் முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

இதயத்துக்கும் வேலை வேண்டும். கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று நிமிடம் காற்றில் மாறி மாறிக் குத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து சுற்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுவே சரியான வேகம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. இரண்டு பாட்டில் இருந்தால் தோளுக்கும் புஜத்துக்கும் உடற்பயிற்சிக்கூடம் தயார். ஊன்றுகோலோடு நடப்பதும் சாதாரண நடையைவிட அதிக உழைப்பு கேட்பதுதான். எடையை அக்குளில் தொங்கவிடாமல் உள்ளங்கையில் தாங்க வேண்டும். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

காயம் ஆறி, தையல் பிரித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, நிலையாக நிற்கும் சைக்கிளும் நீச்சல் குளமும் வருகின்றன. பந்த் ஏன் தண்ணீருக்குள் நடந்தார் என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். மார்பளவில் இன்னும் குறையும். நீச்சல் தெரியாதவரும் கம்பியைப் பிடித்தபடி நடக்கலாம்.

பிசியோ கட்டணத்துக்குப் பயந்து நடுவில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. ஆகவே முழங்காலில் அடிபடும் நடுவயதினர் பலருக்குச் சர்க்கரையும் துணைக்கு இருக்கும். தசை அசையாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்கு இன்னும் ஏறும். நடந்துகொண்டிருந்த காலத்து மருந்தளவு படுத்திருக்கும் காலத்துக்குப் போதாமல் போகலாம். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால் அதே மருந்து சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளவும் செய்யலாம். வீட்டுக் கருவியில் வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக் குறித்துவைத்து, சர்க்கரை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புகைபிடிப்பவர்கள் இந்த மாதங்களிலாவது நிறுத்தினால், காயத்துக்குப் போகும் ரத்தமும் உயிர்வாயுவும் குறையாமல் இருக்கும்.

எடை குறைக்க எப்போது தொடங்கலாம்?

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் எடைக் குறைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பட்டினி கிடந்தால் உடல் தசையையும் உடைத்து எரிக்கும். ஏறாமல் இருந்தாலே அது வெற்றி. வலியும் வீக்கமும் அடங்கி, பயிற்சி நிலையாக நடக்கத் தொடங்கிய பின், ஏற்கெனவே எடை அதிகமுள்ளவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மிகாமல் குறைக்க முயலலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரவாசிகளிடம் செய்து 1992இல் வெளியான ஆய்வில், சுமார் ஐந்து கிலோ எடை குறைந்த பெண்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மான நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அடிபட்ட முழங்காலில் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த ஐந்து கிலோ அடிபட்டவர்களுக்கு இன்னும் முக்கியம்.

மைதானத்துக்குத் திரும்புவதிலும் அவசரம் கூடாது. ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை நார்வேயிலும் அமெரிக்காவின் டெலாவேரிலும் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பொங்கல் போட்டியில் எப்படியாவது ஆடிவிட வேண்டும் என்று துடிக்கும் மகனுக்கு வீட்டார் காட்ட வேண்டிய கணக்கு இது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கனன்றாலோ, தையல் போட்ட இடத்தில் சீழ் வந்தாலோ, முட்டி மடக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டாலோ, பாதம் மரத்துப்போய் நிறம் மாறினாலோ அன்றே காட்ட வேண்டும். ரத்தம் உறைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் கெண்டைக்காலைத் தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது.

நோட்டில் ஐந்து கட்டம்

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு வாரம் என்று ஐந்து கட்டம் போட வேண்டும். எடை, இடுப்பு, வலது தொடை, இடது தொடை ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது கட்டத்தில் அந்த வாரம் புதிதாகச் செய்ய முடிந்த ஒன்று: தொடை முதல்முறையாக இறுகியது, கமோடிலிருந்து துணையின்றி எழுந்தது, ஓர் ஊன்றுகோலை ஓரமாக வைத்தது, வாசல்படி இறங்கிப் பால் வாங்கியது. எந்த வாரத்தில் ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை விரித்தபடியே அடுத்த முறை மருத்துவர் முன்னால் உட்கார வேண்டும்.